டிரையர் வாங்குவதற்கு முன்: பழைய பாயின்டா, தனி லைனா, ஹீட் பம்ப்பா?

துணி உலர்த்தும் புதிய டிரையருக்கு இடம் ஒதுக்கி, அளவெடுத்து, எந்த மாடல் என்பதையும் முடிவு செய்த பிறகுதான், சுவரில் இருந்த பிளக் பாயின்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெள்ளைத் தகட்டில் 16 ஆம்பியர் என்று பொறித்திருந்தது. எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் திருகுகளை எடுத்தார். உள்ளே நியூட்ரல் கம்பியின் உறை ஒரு விரற்கடை நீளத்துக்குப் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. நகத்தால் தொட்டதும் முட்டை ஓடு போல உதிர்ந்தது. அதைப் பிடித்திருந்த திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது. கம்பியின் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இரண்டரை இல்லை சார், ஒன்றரைதான்" என்றார். சதுர மில்லிமீட்டரில் கம்பியின் தடிமனைச் சொன்னார். பல ஆண்டுகளாக அந்தப் பாயின்டில்தான் சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள்கூட பிரேக்கர் விழுந்ததில்லை.

பிரேக்கர் விழவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். பிரேக்கர் கவனிப்பது தன் வழியாக ஓடும் மின்னோட்டத்தின் அளவை மட்டும்தான். எங்கோ ஒரு திருகு தளர்ந்து, அந்த ஒரே புள்ளி கொதித்தாலும் மின்னோட்டம் கூடுவதில்லை. அதனால் பிரேக்கருக்கு எதுவும் தெரிவதில்லை. தளர்ந்த இணைப்பு ஒன்றில் 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வழியாக 11 ஆம்பியர் ஓடினால் அங்கே 12 வாட் வெப்பம் உண்டாகும். 22 ஆம்பியர் ஓடினால் 24 வாட் அல்ல, 48 வாட். மின்னோட்டம் இரட்டிப்பானால் வெப்பம் நான்கு மடங்காகிறது. 48 வாட் என்பது ஒரு சால்டரிங் இரும்பின் சூடு. அது பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் ஒன்றரை மணி நேரம் இருக்கப்போகிறது.

டிரையரை மற்ற சாதனங்களோடு சேர்த்து எண்ணக் கூடாது என்று நான் சொல்வது இந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான். மின் கெட்டிலும் 2,000 வாட் இழுக்கிறது; ஆனால் நான்கைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தானே அணைந்து அணைந்து எரியும். டிரையரோ ஈரம் போகும்வரை விடாமல் இழுக்கும். கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் இருபது ஆண்டுகள் தாங்கிய பலவீனமான இணைப்பு, டிரையர் வந்த முதல் மாதத்திலேயே கருகத் தொடங்கலாம்.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கைந்துதான். இருக்கும் பாயின்டிலேயே மாட்டிவிடலாம். அந்தப் பாயின்டையும் பிரேக்கரையும் மட்டும் பெரிதாக்கலாம். பிரேக்கர்கள் இருக்கும் மின் பலகையிலிருந்து டிரையருக்கென்று தனி லைன் இழுக்கலாம். கம்பியைத் தொடாமல், குறைவாக மின்சாரம் இழுக்கும் ஹீட் பம்ப் வகை இயந்திரத்தை வாங்கலாம். இவை எதுவும் போதாத வீடுகளில் மெயின் இணைப்பையே பெரிதாக்க வேண்டியிருக்கும். இவற்றில் இரண்டாவது வழி மட்டும் எந்த வீட்டுக்கும் கூடாது. அதை ஏன் அப்படித் தீர்த்துச் சொல்கிறேன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

முதலில் இயந்திரத்தின் எண்களைப் பார்க்க வேண்டும். கதவின் உள் விளிம்பிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டில் வோல்ட், வாட், ஆம்பியர் மூன்றும் இருக்கும். 230 வோல்ட் நாடுகளில் ஹீட்டர் வைத்த சாதாரண டிரையர் பெரும்பாலும் 2,000 முதல் 2,700 வாட் வரை இழுக்கும். 2,500 வாட்டை 230 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11 ஆம்பியர். வட அமெரிக்க வீடுகளில் கதை வேறு. அங்கே முழு அளவு டிரையர் 240 வோல்ட்டில் 5,000 வாட்டுக்கு மேல், அதாவது 22, 23 ஆம்பியர் இழுக்கும். அதற்காக இரட்டை முனை 30 ஆம்பியர் பிரேக்கரும் 10 எண் தாமிரக் கம்பியும் (அங்கே எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்) தனியாகக் கொடுத்திருப்பார்கள். ஹீட் பம்ப் டிரையர் எந்த நாட்டில் இருந்தாலும் பெரும்பாலும் 600 முதல் 1,000 வாட்டுக்குள் நின்றுவிடும். 230 வோல்ட்டில் அது மூன்று, நான்கு ஆம்பியர்தான்.

இனிச் சுவருக்கு வருவோம்.

பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் கம்பியின் தடிமனுக்கு. சுவருக்குள் குழாயில் ஓடும் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி, பதித்திருக்கும் விதத்தைப் பொறுத்து ஏறக்குறைய 14 முதல் 17 ஆம்பியர் வரை தாங்கும். இரண்டரைக் கம்பி 19 முதல் 24 வரை, நாலு கம்பி 26 முதல் 32 வரை. ஒற்றை இழைக் கம்பியாக இருந்தால் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தே கண்டுபிடிக்கலாம்: ஒன்றரையின் விட்டம் 1.38 மில்லிமீட்டர், இரண்டரைக்கு 1.78, நாலுக்கு 2.26. வட அமெரிக்க எண்களில் 14 எண் கம்பிக்கு 15 ஆம்பியர் பிரேக்கர், 12 எண்ணுக்கு 20, 10 எண்ணுக்கு 30. பாயின்டின் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துக் கம்பியை ஊகிக்கவே கூடாது. என் வீட்டில் ஏமாந்தது அங்கேதான்.

கம்பி வெள்ளி நிறத்தில் தெரிந்தால் அது அலுமினியமாக இருக்கலாம். பழைய ரப்பர் உறைக் கம்பிகளில் தாமிரத்துக்கு வெள்ளீயம் பூசுவது உண்டு என்பதால், நுனியை லேசாகச் சுரண்டிப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். 1960களின் நடுவிலிருந்து 1970கள் வரை வட அமெரிக்காவில் தாமிரத்தின் விலை ஏறியபோது பல வீடுகளுக்கு அலுமினியக் கம்பி போட்டார்கள். அலுமினியம் திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும். மேற்பரப்பில் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலமும் படியும். டிரையர் போன்ற நீண்ட சுமைக்கு இந்த இணைப்புகளை அப்படியே நம்புவது ஆபத்து. அலுமினியத்துக்கென்றே செய்த இணைப்பான்களைக்கொண்டு சரி செய்ய வேண்டும், அல்லது அந்த லைனைத் தாமிரமாக மாற்ற வேண்டும்.

அடுத்து, அந்தப் பாயின்டோடு வேறு என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு கருவியும் தேவையில்லை. பலகையில் அந்த ஒரு பிரேக்கரை மட்டும் அணைத்துவிட்டு வீடு முழுவதும் நடந்து, எந்த விளக்கு எரியவில்லை, எந்தப் பாயின்டில் மின்சாரம் இல்லை என்று தாளில் குறித்துக்கொண்டால் போதும். சலவை இயந்திரமும் டிரையரும் ஒரே லைனில் இருந்தால் கணக்கு எப்படிப் போகும் என்று பாருங்கள். தண்ணீரைச் சூடாக்கும்போது சலவை இயந்திரம் 2,000 வாட், டிரையர் 2,500 வாட். சேர்த்தால் 19.6 ஆம்பியர். லைனில் இருப்பது 16 ஆம்பியர் பிரேக்கர். உடனே விழுந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எம்.சி.பி. எனப்படும் இந்த வீட்டுப் பிரேக்கர்களுக்கான ஐ.இ.சி. 60898 என்ற சர்வதேசத் தரத்தின்படி, குறித்த அளவைப் போல 1.13 மடங்கு ஓடினாலும் அது ஒரு மணி நேரத்துக்கு விழக் கூடாது. 1.45 மடங்கு, அதாவது 23 ஆம்பியர், ஓடினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். 19.6 ஆம்பியர் இந்த இரண்டுக்கும் நடுவே விழுகிறது. ஆகவே பிரேக்கர் நெடுநேரம் அசையாமல் நிற்கலாம். கம்பி ஒன்றரையாக இருந்தால் அவ்வளவு நேரமும் தன் தாங்குதிறனை மீறிச் சூடாகிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது சோதனைக்கு ஒரு மல்டிமீட்டர் வேண்டும். டிரையரை மாட்டப்போகும் பாயின்டில் சுமை எதுவும் இல்லாதபோது வோல்ட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே லைனில், அடுத்த பாயின்டில், 2,000 வாட் கெட்டிலை ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 232 இருந்தது 226 ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை. 220க்குக் கீழே இறங்கினால், அதாவது ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால், எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது நீளத்துக்குப் போதாத மெல்லிய கம்பி. அந்த வீழ்ச்சி தெருவிலிருந்து வரும் இணைப்பாலும் இருக்கக்கூடும். அதனால் கெட்டில் ஓடும்போதே வேறொரு லைனில் உள்ள பாயின்டையும் அளந்து பார்க்க வேண்டும். அங்கே குறையாமல் இங்கே மட்டும் குறைந்தால் கோளாறு இந்த லைனில்தான். டெஸ்டர் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போவதைவிட இந்தப் பத்து நிமிடச் சோதனை எத்தனையோ மடங்கு விஷயம் சொல்லும்.

தகடு தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது, பிளக்கின் முள் கறுத்திருப்பது, ஸ்விட்ச் போட்டால் சிர்ரென்று சத்தம், மீன் நாற்றம் போல ஒரு வாடை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பாயின்டை அன்றோடு பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். வாடைக்குக் காரணம் சூடேறும் பிளாஸ்டிக்.

பலகையைத் திறப்பதும் அங்கே திருகுகளை இறுக்குவதும் எலக்ட்ரீஷியனின் வேலை. மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் அதற்கு மேலே வந்து சேரும் கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. அவரிடம் கேட்க வேண்டியவை: எர்த் லூப் சோதனை (பழுது நேரும்போது எர்த் வழியாகப் போதிய மின்னோட்டம் ஓடுமா என்பது), மெகர் என்ற கருவியைக்கொண்டு 500 வோல்ட்டில் கம்பி உறையின் காப்புச் சோதனை, மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி ஆம்பியரில் விழுகிறது என்ற அளவு. காப்புத் தடை ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்தக் கம்பியில் டிரையர் கூடாது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே நாமே மல்டிமீட்டரில் 230 பார்த்துவிடலாம்தான். அது எர்த் கம்பி எங்கோ இணைந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லும். பழுது நேரும்போது பெரிய மின்னோட்டத்தைக் கடத்துமா என்பதைச் சொல்லாது.

இப்போது வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம்.

இருக்கும் பாயின்டிலேயே மாட்டுவது எப்போது சரி? கம்பி இரண்டரையோ அதற்கு மேலோ இருந்து, லைனில் வேறு கனமான சாதனம் எதுவும் இல்லாமல், வோல்ட் சோதனையிலும் தேறி, எர்த்தும் நன்றாக இருந்தால் தாராளமாக மாட்டலாம். 11 ஆம்பியர் அந்தக் கம்பிக்குப் பாரமே இல்லை. பாயின்டை மட்டும் புதிதாக, நல்ல தரமானதாகப் போட்டுவிடுங்கள். பல ஆண்டுகள் பிளக்கைச் செருகி எடுத்ததில் உள்ளிருக்கும் பித்தளைப் பிடிகள் தளர்ந்திருக்கும். வட அமெரிக்க வீடுகளில் ஏற்கெனவே 30 ஆம்பியர் டிரையர் பாயின்ட் இருந்தால் இதே வழிதான் இயல்பானது. ஆனால் அது மூன்று துளையா, நான்கு துளையா என்று பார்க்க வேண்டும். பழைய மூன்று துளை முறையில் நியூட்ரலும் இயந்திரத்தின் உடலும் ஒன்றாக இணைந்திருக்கும். அமெரிக்காவின் தேசிய மின் விதிகள் 1996 முதல் புதிய இணைப்புகளுக்கு நான்கு கம்பி முறையைக் கட்டாயமாக்கின. நான்கு முள் வயரை மாட்டும்போது, டிரையரின் பின்புறத்தில் நியூட்ரலையும் உடலையும் இணைக்கும் பட்டையைக் கழற்றியாக வேண்டும். இதை மறந்துவிட்டால் டிரையரின் உடலும் எர்த் கம்பியும் நியூட்ரல் மின்னோட்டத்தைச் சுமக்கும்.

நீட்டிப்பு வயர் வைத்து மாட்டுவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. மெல்லிய கம்பி, தளர்ந்த பிடி, சில வீடுகளில் சுருட்டிய நிலையிலேயே கிடக்கும் வயர். எல்லாம் வெப்பத்தைக் கூட்டுபவை.

பாயின்டையும் பிரேக்கரையும் மட்டும் மாற்றும் வழி பார்வைக்கு எளிது. அரை மணி நேர வேலை. 16 ஆம்பியர் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று 25 போட்டுவிட்டால் அன்றிலிருந்து விழாது. ஆனால் அந்தப் பிரேக்கர் அங்கே இருப்பதே சுவருக்குள் ஓடும் கம்பியைக் காப்பதற்காகத்தான். ஒன்றரைக் கம்பிக்கு 25 ஆம்பியர் பிரேக்கர் போட்டால், 20 ஆம்பியர் ஓடும்போது பிரேக்கர் தன் அளவுக்குள் நிம்மதியாக இருக்கும். சுவருக்குள் கம்பியின் உறை இளகிக்கொண்டிருக்கும். ஒரு நாள் கம்பியே ஃபியூஸாகி எரியும். யார் சொன்னாலும், எவ்வளவு அனுபவம் உள்ளவர் சொன்னாலும், கம்பியை மாற்றாமல் பிரேக்கரை மட்டும் பெரிதாக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அடிக்கடி விழும் ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிட்டு நேராக இணைத்துத் தருகிறேன் என்பவருக்கும் இதே பதில்தான். அது விழுவது எங்கோ கசிவு இருப்பதால். டிரையர் இருக்கும் இடமோ ஈரம் புழங்கும் இடம்.

தனி லைன் என்பது பலகையிலிருந்து பாயின்ட் வரை நடுவில் ஜாயின்ட் இல்லாமல், தனக்கென்று ஒரு பிரேக்கரோடு வருவது. சூடேறும் புள்ளிகள் இரண்டு முனைகளோடு நின்றுவிடுவதுதான் இதன் பெரிய நன்மை. 230 வோல்ட்டில் 2,500 வாட் டிரையருக்கு இரண்டரைக் கம்பியே கணக்குக்குப் போதும். இருந்தாலும் நான் நாலு சதுர மில்லிமீட்டர் கம்பி போடச் சொல்வேன். குழாயில் வேறு கம்பிகளும் சேர்ந்து ஓடும்போது ஒன்றின் வெப்பம் மற்றொன்றைப் பாதிக்கும்; தடித்த கம்பியில் அதற்கு இடம் இருக்கும். பிரேக்கரை மட்டும் பாயின்டின் அளவை மீறாமல் 16இலேயே நிறுத்த வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பும் அந்த லைனில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் மோட்டார் உள்ள இயந்திரங்களுக்கு மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணரும் ஏசி வகையைவிட ஏ வகை ஆர்.சி.சி.பி. பொருத்தமானது, ஏனென்றால் அவற்றின் கசிவு துடிப்புள்ள நேர்மின்னோட்டமாகவும் இருக்கலாம். இந்த வழியின் பாரம் என்னவென்று கேட்டால் செலவும் தூசியும். பழைய குழாயில் இடம் இருந்தால் பழைய கம்பியையே இழுவைக் கம்பியாக்கிப் புதியதை உள்ளே கொண்டுவந்துவிடலாம். இடமில்லை என்றால் சுவரை வெட்ட வேண்டும், அல்லது வெளியே தெரியும்படி பட்டைக் குழாய் ஓட்ட வேண்டும். அழகு குறைகிறது என்று தயங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வெளியே ஓடும் குழாயில் குறை தெரியவில்லை. பழுது பார்ப்பதும் எளிது.

ஹீட் பம்ப் டிரையர், குளிர்பதனப் பெட்டியைப் போல ஒரு கம்ப்ரஸரை வைத்து வேலை செய்கிறது. துணியிலிருந்து வரும் ஈரக்காற்றைக் குளிர்வித்து நீரைப் பிரித்தெடுத்து, அப்போது கிடைக்கும் வெப்பத்தையே மறுபடி காற்றுக்குக் கொடுக்கிறது. ஹீட்டர் வகை செலவழிக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியில் அதே துணியை உலர்த்திவிடும். காற்றை வெளியேற்றச் சுவரில் துளை வேண்டாம். கம்பியில் ஓடுவது மூன்று, நான்கு ஆம்பியர் என்பதால், முன்னே சொன்ன 0.1 ஓம் தளர்வில்கூட உண்டாகும் வெப்பம் இரண்டு வாட்டைத் தாண்டாது. குறைகளும் உண்டு. விலை கூடுதல். ஒரு சுற்று முடிய அதிக நேரம் எடுக்கும். பஞ்சு வடிகட்டியையும் உள்ளிருக்கும் குளிர்விப்பானையும் ஒழுங்காகச் சுத்தம் செய்யாவிட்டால் நேரம் இன்னும் நீளும். குளிர்ந்த அறையில் திணறும். சில மாடல்களில் வேகத்துக்காக ஒரு துணை ஹீட்டரும் வைத்திருப்பார்கள் என்பதால், பெயரை மட்டும் நம்பாமல் தகட்டின் வாட்டைப் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: உறை உதிரும் கம்பிக்கும் எர்த் இல்லாத பாயின்டுக்கும் ஹீட் பம்ப் மருந்தாகாது. ஒன்றரைக் கம்பி நல்ல நிலையில் இருந்து, தடிமன் மட்டுமே தடையாக இருக்கும் வீட்டுக்குத்தான் அது விடை.

மெயினையே பெரிதாக்கும் தேவை எப்போது வரும் என்பதற்கு ஒரு கூட்டல் போதும். ஏ.சி. 1,500, வாட்டர் ஹீட்டர் 3,000, இண்டக்ஷன் அடுப்பு 2,000, டிரையர் 2,500. நான்கும் ஒரே நேரத்தில் ஓடினால் 9,000 வாட், 39 ஆம்பியர். மெயின் 40 ஆம்பியர் என்றால் விளக்கும் விசிறியும் சேரும்போது எல்லை தாண்டிவிடும். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் டிரையரை, வாட்டர் ஹீட்டர் இல்லாத ஃபேஸுக்கு மாற்றினாலே பிரச்சினை தீரலாம். அமெரிக்க விதிகளின்படி சுமைக் கணக்கில் டிரையருக்குக் குறைந்தது 5,000 வாட் சேர்க்க வேண்டும். தகட்டில் அதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த எண்ணை. மெயினைப் பெரிதாக்கும் வேலையை டிரையர் ஒன்றுக்காக மட்டும் தொடங்க நான் சொல்லமாட்டேன். மின் கார் சார்ஜரோ இன்னொரு ஏ.சி.யோ வரப்போகிறது என்றால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முறையில் செய்துவிடுவது நல்லது. அதுவரை ஹீட் பம்ப் போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு என் தேர்வு தயக்கமில்லாமல் ஹீட் பம்ப். சுவரில் போடும் பணம் அங்கேயே தங்கிவிடும், இயந்திரம் கூடவே வரும். சொந்த வீட்டில், பலகையும் சலவை இடமும் அருகருகே இருந்தால் தனி லைன். குடும்பம் பெரிது, நாளுக்கு இரண்டு மூன்று முறை உலர்த்த வேண்டும் என்றால், மின் கட்டணத்தில் மிச்சமாகும் பாதி கணிசமாகிவிடும்; தனி லைனும் இழுத்து அதில் ஹீட் பம்ப் மாட்டுவதைக்கூட எண்ணிப் பார்க்கலாம். பலகை தூரத்தில் இருந்து, உலர்த்துவதும் வாரத்துக்கு ஒரு முறைதான் என்றால் அவ்வளவு செலவு தேவையில்லை. பழைய கம்பி சோதனையில் தேறினால் அதிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

நான் நாலு சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனி லைன் போட்டுக்கொண்டேன். எங்கள் பலகையிலிருந்து சலவை இடம் ஆறு மீட்டர்தான். முதல் நாள் டிரையர் ஓடத் தொடங்கி நாற்பது நிமிடம் கழித்துப் பாயின்டின் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பக்கத்துச் சுவரைப் போலவே இருந்தது. பலகையில் ஃபேஸ் கம்பி ஒன்றை மட்டும் கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் விட்டு எலக்ட்ரீஷியன் அளந்தபோது 10.6 ஆம்பியர் காட்டியது. ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் மீட்டர் பூஜ்யம் காட்டும் என்பதை அப்போதுதான் விளக்கினார். ஒரு மாதம் கழித்து வந்து, மெயினை அணைத்து, இரண்டு முனைகளிலும் திருகுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிவிட்டுப் போனார். பாயின்ட் பக்கத்துத் திருகு ஒன்று மட்டும் கால் சுற்று உள்ளே போனது.